எண்ணெய் சொட்டும் சங்கிலிதான் சீக்கிரம் தேய்கிறது

பழுதுபார்க்க வரும் மிதிவண்டிகளில், காய்ந்து கீச்சிடும் சங்கிலிகளைவிட எண்ணெய் ஊறிக் கன்னங்கரேலென்று ஆன சங்கிலிகளையே நான் அதிகம் பார்க்கிறேன். அக்கறையாக அடிக்கடி எண்ணெய் விட்டவரிடம், அது தேய்ந்துவிட்டது என்று சொல்ல நேரும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் கண்ணிகளை இணைக்கும் பின் (pin) உராயும் இடம் தேய்ந்து, அந்தச் சிறு இடைவெளிகள் ஒன்றுசேர்ந்தே நீளமாகத் தெரிகின்றன. புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ.; அது ஏறக்குறைய 307 மி.மீ. ஆகிவிட்டால், அதாவது 0.75 விழுக்காடு கூடினால், மாற்றிவிட வேண்டும். பின்புறம் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் உள்ள வண்டிகளுக்கு 0.5 விழுக்காடே எல்லை. அதற்கு மேலும் ஓட்டினால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேயும். செலவு அங்கேதான் பெருகுகிறது.

ஆகவே எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பின்னும் அதைச் சுற்றிச் சுழலும் உருளையும்தான். வெளித்தகட்டில் தங்குவது துருவைத் தடுக்கலாம். ஆனால் புழுதியை ஈர்த்து, மணலும் உலோகத்துகளும் கலந்த அரைக்கும் பசையாக மாறி, மூட்டுக்குள் இறங்கிவிடுகிறது. பழைய என்ஜின் எண்ணெயில் உலோகத்துகள் முன்பே கலந்திருப்பதால், அதை ஊற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புவதில்லை. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

கெட்டியான ஈரவகை எண்ணெய் மழையில் எளிதில் கழுவிப் போகாது, ஆனால் அழுக்கைப் பிடிக்கும். பூசிய பிறகு காய்ந்துவிடும் உலர்வகை எண்ணெய் புழுதிச் சாலைக்கு ஏற்றது, மழையில் நிற்காது. உருக்கிய மெழுகில் தோய்த்தெடுத்த சங்கிலியில் அழுக்கு மிகக் குறைவாகவே ஒட்டுவதால், வறண்ட சாலையில் நெடுநாள் உழைப்பதற்கு அதையே நான் முதலில் சொல்வேன். ஆனால் பழைய பசை முழுவதையும் கரைப்பானால் கழுவி நீக்காவிட்டால் மெழுகு பிடிக்காது, நனைந்த பிறகு உலர்த்தி மீண்டும் தோய்க்கவும் வேண்டும்.

எண்ணெயே போதுமென்றால், துடைத்த சங்கிலியில் உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுற்றி, இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் வெளிப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், துணியில் கறை ஏறுவது நிற்கும் வரை.