அச்சோவியத்தின் அடியில் உள்ள பெயர் யாருடையது?

பழைய ஐரோப்பிய அச்சோவியங்களை வாங்குகிறவர்கள் கீழே தெரிந்த பெயர் ஒன்று இருந்தாலே விலைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயரை ஒட்டி வரும் லத்தீன் சொல்லையும் படியுங்கள். அவர் செய்த வேலை என்ன என்பது அதில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் இடது மூலையில் மூலப்படக்காரர் பெயர் இருக்கும். 'பின்க்சிட்' (pinxit) என்றால் வண்ண ஓவியம் தீட்டியவர், 'டெல்.' (del.) என்றால் வரைந்து கொடுத்தவர், 'இன்வென்டர்' (inventor) என்றால் கற்பனைக்குச் சொந்தக்காரர். வலது மூலையில் 'ஸ்கல்ப்.' (sculp.) என்று இருந்தால் படத்தை அச்சடிக்கும் உலோகத் தகட்டைச் செதுக்கியவர். 'எக்ஸ்க்.' (exc.) பதிப்பாளரைக் குறிக்கும். 'ஃபெசிட்' (fecit) விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தனியாக நின்றால், வரைந்தவரே தகட்டையும் செய்திருக்கிறார் என்று பொதுவாகக் கொள்ளலாம். பக்கத்தில் வேறொருவர் 'இன்வென்டர்' ஆக இருந்தால், ஃபெசிட்காரர் தகடு செய்தவர் மட்டுமே. 1631-இல் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் கற்பனையில் வான் ஃபிலீட் செய்த தகடுகள் அப்படிப்பட்டவை.

அச்சில் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. 1557-இல் ஆன்ட்வெர்ப்பில் வெளியான 'பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்' படத்தில் 'ஹியரோனிமுஸ் போஸ் இன்வென்டர்' என்று இருக்கிறது. ஓவியர் போஸ் இறந்தது 1516-இல். மூல வரைபடம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ளது பீட்டர் ப்ரூகெல் என்ற வேறோர் ஓவியரின் கையொப்பமும் 1556 என்ற ஆண்டும். செதுக்கியவர் வான் டெர் ஹைடன், பதிப்பாளர் கோக். போஸ் பெயருக்கு அப்போது சந்தையில் நல்ல மதிப்பு.

பதிப்பாளர் பெயரை நிதானமாகப் பாருங்கள். தகடு கைமாறும்போது பழைய பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பொறிப்பார்கள். அதற்குள் தகடு பலநூறு முறை அழுத்தப்பட்டிருந்தால் நுண்கோடுகள் மழுங்கி, நிழல்பகுதி கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரியும்.

வாங்கும் முன் சட்டத்திலிருந்து கழற்றச் சொல்லுங்கள். செப்புத்தகட்டு அச்சானால், தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்த பள்ளத்தைத் தேடுங்கள். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் பள்ளமும் போயிருக்கும், பெயர்களும் போயிருக்கலாம். பத்து மடங்கு லென்ஸில் புள்ளிகள் ஒழுங்கு வரிசையில் தெரிந்தால் அது புகைப்படவழி நகல். நகலில் லத்தீன் வரியும் அப்படியே வந்திருக்கும். தகட்டில் பொறித்த பெயர், கலைஞர் அந்தத் தாளில் போட்ட கையொப்பம் ஆகாது. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கையொப்பமிடுவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது.

சட்டம் போடக் கொடுக்கும்போது ஓரத்தை வெட்டக் கூடாது, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை கீழ்வரியை மறைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.