எண்ணைச் சொல்லிக் கெர்னலைக் கூப்பிடுவது

சி புரோகிராமில் ரைட் என்று எழுதினால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை நேராகக் கூப்பிட்டுவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் அது சி லைப்ரரியில் இருக்கும் ஒரு சாதாரண ஃபங்ஷன். கெர்னல் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஓடும் 64-பிட் லினக்ஸில் ரைட்டின் எண் 1. லைப்ரரி அந்த 1-ஐ ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில், அதாவது சிபியுவுக்குள் இருக்கும் ஒரு சிறு சேமிப்பிடத்தில், வைக்கும். எங்கே எழுத வேண்டும், எதை, எத்தனை பைட் என்பவை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ் என்ற மூன்று ரெஜிஸ்டர்களிலும் போய் உட்காரும். அப்புறம் சிஸ்கால் என்ற ஒரே ஒரு சிபியு கட்டளை. கட்டுப்பாடு கெர்னல் கைக்குப் போய்விடும். இப்படிக் கெர்னலைக் கூப்பிடுவதற்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர்.

பிரிண்ட்எஃப் மூலம் "வணக்கம்" என்று ஒரு வரி அச்சிட்டு, சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்டிரேஸ் என்ற கருவியை வைத்துப் பாருங்கள். கடைசியில் கெர்னலுக்குப் போவது ஒரு ரைட்தான், அளவு 22 பைட். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் அந்தச் சொல் ஏழு குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், வரி முடிவுக்கு ஒன்று. கணக்குச் சரி.

லைப்ரரியில் ஃபங்ஷனே இல்லாத சிஸ்டம் காலை எப்படிக் கூப்பிடுவது? அதற்காகவே சிஸ்கால் என்ற பெயரிலேயே ஒரு சி ஃபங்ஷனும் இருக்கிறது. முதலில் எண், பிறகு ஆர்கியுமென்டுகள், அவ்வளவுதான். திரெட்டின் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) அடையாள எண்ணைத் தரும் கெட்டிஐடி நல்ல உதாரணம். லினக்ஸ் கெர்னலுக்கு அது 2001-இலேயே வந்துவிட்டது. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் சி லைப்ரரியான ஜிலிப்சி அதற்கென்று ஒரு ஃபங்ஷன் தந்தது 2019-இல், 2.30 பதிப்பில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் சிஸ்கால் வழியாக 186 என்ற எண்ணைச் சொல்லித்தான் வேலை நடந்தது.

ஆனால் 186 என்று கையால் எழுதிவிடாதீர்கள். எண்கள் சிப்புக்குச் சிப் மாறும்: அதே ரைட் 32-பிட் இன்டெலில் 4, 64-பிட் ஆர்மில் 64. சிஸ்/சிஸ்கால்.ஹெச் கோப்பில் எஸ்ஒய்எஸ் என்று தொடங்கும் பெயர்கள் இதற்காகத்தான் இருக்கின்றன.

பிழையைச் சொல்லும் விதமும் வேடிக்கையானது. கோப்பு இல்லையென்றால் கெர்னல் திருப்பித் தருவது -2. நம் கைக்கு வருவதோ -1. அந்த 2-ஐ எர்நோ என்ற மாறியில் போட்டு வைப்பது சி லைப்ரரி. சிஸ்கால் ஃபங்ஷனும் இதைச் செய்துவிடும். நேராக அசெம்ப்ளியில் எழுதினால் இந்த மாற்றத்தையும் நாமே செய்ய வேண்டும்.

நேரம் கேட்க மட்டும் இந்த வழி வேண்டாம். சாதாரண கிளாக்_கெட்டைம் பெரும்பாலும் கெர்னலுக்குள் போவதே இல்லை. விடிஎஸ்ஓ என்று கெர்னல் நம் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு சின்னப் பகுதியிலேயே வேலை முடிந்துவிடும். அதையே சிஸ்கால் மூலம் கேட்டால் உள்ளே போய்த்தான் திரும்ப வேண்டும். கூடுதல் நேரம் பிடிக்கும்.