கொம்பிரசருக்குள் பெய்கிற மாரி

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள் ஓர் ஓட்டோவின் கதவுக்குப் பெயின்ற் அடித்துக் கொடுத்தேன். போகும்போது கதவு கண்ணாடி போல இருந்தது. மூன்று கிழமை கழித்து வண்டிக்காரர் திரும்பி வந்தார். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக் கதவில் வைத்தார். கொப்பளிப்பான் வந்த முகம் மாதிரி முழுக்கச் சின்னச் சின்னப் பொக்குளங்கள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே ஈரம்.

முதலில் பெயின்றைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஸ்பிரே கன்னைக் கழற்றிவிட்டு, காற்றை அமுக்கித் தருகிற கொம்பிரசரின் வெறும் ஹோஸை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் ஊதவிட்டேன். துணி நனைந்து, நடுவில் எண்ணெய் வட்டமும் விழுந்தது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. இன்றைக்கே செய்து பாருங்கள்.

எங்கள் வன்னியில் மாங்குளம் தொட்டுப் பரந்தன் வரை வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் போட்டு ஒரு சின்னக் கொம்பிரசரோடு தொழில் செய்கிறவர்கள் பலர். “புது மெசின் அண்ணை, எங்கேயிருந்து தண்ணி வருது?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் நாம் மூச்சு விடுகிற காற்றிலிருந்தே வருகிறது. வெப்பநிலை 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற மழை நாட்களில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அப்போது ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை அழுத்தமானி 8 பார் காட்டும்வரை அமுக்கினால், வெளிக்காற்றின் ஒரு பார் அழுத்தத்தையும் சேர்த்து, அது ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கிவிடும். சூடு ஆறியதும் அவ்வளவு சின்ன இடம் மூன்றரைக் கிராம் அளவு ஆவியைத்தான் தாங்கும். மிச்சம் 20 கிராமும் தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 150 லீற்றர் காற்றுத் தருகிற மெசின் நிற்காமல் ஒரு மணித்தியாலம் ஓடினால் 9 கன மீற்றர். அதாவது ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறையத் தண்ணீர்.

என் பிழை எங்கே என்றால், தண்ணீரைப் பிடிக்கிற பில்ரரை, அமுக்கிய காற்று சேர்கிற தாங்கியின் வாயிலேயே பூட்டியிருந்தேன். பலரும் அப்படித்தான் பூட்டுகிறார்கள். பில்ரர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. தொடர்ந்து ஓடுகிற மெசினிலிருந்து காற்று சுடச்சுட வெளியே வரும்போது தண்ணீரில் பெரும்பங்கு இன்னும் ஆவியாகவே இருக்கும். அது பில்ரரைச் சுகமாகக் கடந்து, ஹோஸுக்குள் போய் ஆறி, அங்கே துளியாகும். ஆகவே முதலில் காற்றை ஆறவிட வேண்டும், பிறகுதான் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

இப்போது என் கொட்டிலில் கொம்பிரசர் நிழலில், காற்றோட்டமான பக்கம் நிற்கிறது. அங்கிருந்து சுவரோடு 25 அடிக்கு ஜீ.ஐ. பைப், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சரிவு விட்டு, கடைசியில் கீழே இறங்கும் ஒரு துண்டின் அடியில் ஒரு வால்வு. தண்ணீர் தானாக அங்கே போய்ச் சேரும். ஹோஸுக்கான கிளையைப் பைப்பின் மேல்பக்கத்தில் எடுத்து வளைத்து இறக்கியிருக்கிறேன். அடிப்பக்கத்தில் எடுத்தால் ஓடி வருகிற தண்ணீர் நேரே கன்னுக்குள் போகும். பில்ரர் இந்த வழியின் கடைசியில் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. பைப்பை இதற்குப் போடாதீர்கள். காற்று அழுத்தத்தில் அது வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும்.

ரயருக்குக் காற்றடிப்பதும் தூசு ஊதுவதும் மட்டும்தான் வேலை என்றால் இவ்வளவும் வேண்டாம். தாங்கியில் சேர்கிற தண்ணீரை ஒழுங்காக வடித்தால் போதும். பெயின்ற் அடிக்கிறவர்கள் பில்ரருக்குப் பிறகு, ஆவியை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட குடுவை ஒன்றும் வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் காயவைத்து மறுபடி போடலாம், ஆனால் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம். அந்த நீலத்தில் இருக்கிற கோபால்ற் உப்பு நஞ்சு.

இன்னொன்று. மழை நாளில் பெயின்ற் அடித்தவுடன் மேலே வெள்ளை பூத்தாற்போல வந்தால், அது பைப்புத் தண்ணீர் இல்லை. பெயின்றில் கலக்கிற தின்னர் வேகமாக ஆவியாகப் பறக்கும்போது தகடு குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதில் படிகிறது. அதற்கு எந்தப் பில்ரரும் உதவாது. மெதுவாகக் காய்கிற தின்னர் வாங்குங்கள், அல்லது வெயில் வரும்வரை தேத்தண்ணி குடியுங்கள்.

பெயின்ற் பழுதானால் உரஞ்சி மறுபடி அடிக்கலாம். தாங்கி விசயம் அப்படியில்லை. போன வருடம் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் தாங்கியைக் கட்டிக்கொண்டு வந்தார். “அண்ணை, அடியில ஊசி ஓட்டை ஒன்று. ஒருக்கா ஒட்டித் தாங்கோ.” கடைசியாக எப்போது தண்ணீர் வடித்தீர் என்று கேட்டேன். வடிக்கிற வால்வு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. தேடிப் பிடித்தோம், கறளில் இறுகித் திரும்பவே இல்லை.

16 அங்குல விட்டமுள்ள தாங்கியில் 8 பார் காற்று இருந்தால், அதன் ஒரு பக்க மூடியை மட்டும் ஏறக்குறைய 10 தொன் விசை தள்ளிக்கொண்டிருக்கும். ஊசி ஓட்டை விழுகிறது என்றால் சுற்றியுள்ள தகடும் உள்ளிருந்து அரிக்கப்பட்டிருக்கும். அதில் ஒட்டுப்போட நான் சம்மதிக்கவில்லை. அவருக்குக் கோபம்தான்.

நான் ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து, கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும்போது அடி வால்வை மெதுவாகத் திறக்கிறேன். முதலில் கறள் நிறத்தில் வரும், சில நாள் எண்ணெய் கலந்து மோர் மாதிரி வரும். வெறும் காற்று வரும்வரை விட்டு, இரவு திறந்தபடியே விட்டுவிடுவேன். மெசின் எண்ணெயே மோர் நிறமானால் அதை மாற்றுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி ஐந்து நிமிடம் நிறுத்துகிற மெசினில் எண்ணெய் சூடேறாமல் ஈரம் சேரும்.

கடைசியில் அந்தத் தம்பியின் தாங்கியை நெடுக்காக இரண்டாக வெட்டிக் காட்டினேன். உள்ளே நான்கு கைப்பிடி செஞ்சேறு. வழித்துவிட்டு ஸ்குறூ டிரைவரால் அடியில் குத்தினேன், பப்படத்தில் குத்தினது போல இறங்கியது. தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேல்பாதியை மட்டும் மறுபடி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார், ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்க.