எட்டுக்கு நாலு ஷீட்டை நேராக அறுக்க எந்த ரம்பம்?

பிளைவுட் அறுக்க டேபிள் சாதான் (மேஜை நடுவே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பம்) ராஜா என்று பலரும் சொல்வார்கள். சிறு துண்டுகளுக்குச் சரி, ஆனால் 2440க்கு 1220 மி.மீ. முழு ஷீட்டுக்கு, அதுவும் தனியாளாக வேலை செய்கிறவருக்கு, நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

18 மி.மீ. ஷீட் ஒன்றின் எடை சுமார் 30 கிலோ. அதை மேஜைமேல் தள்ளிக்கொண்டே இரண்டு மூன்று அடி நீளமுள்ள ஓரக்கட்டையை (பலகையை நேராக நடத்தும் தடுப்பு) ஒட்டியே கொண்டுபோக வேண்டும், வெளியே தொங்கும் பாதியோ தன் பாரத்தால் வேறு பக்கம் இழுக்கும். கொஞ்சம் திரும்பினால் போதும், பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை என்பதால் பலகையைக் கவ்வித் தூக்கி உங்கள் வயிற்றைப் பார்த்து வீசிவிடும்.

அதனால் பலகை கிடக்கட்டும், ரம்பம் நகரட்டும். தரையில் கெட்டித் தெர்மோகோல் விரித்து அதன்மேல் ஷீட்டைப் போட்டு, சர்குலர் சாவை (வட்ட பிளேடு உள்ள கை மிஷின்) ஒரு நேர்க்கட்டையை ஒட்டி ஓட்டினால் போதும். கட்டை முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு டிகிரி கோணம் பிசகினால் எட்டடி முடிவில் 42 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். அளவை இரண்டு முனையிலும் குறித்துவிட்டுத்தான் கிளாம்ப் போட வேண்டும். விலை கொடுத்து கைடு ரெயில் (ரம்பத்தை நேராக ஓட்ட உதவும் தண்டவாளம்) வாங்க மனம் வராவிட்டால், கம்பெனியில் வெட்டி வந்த ஓரத்தோடு ஒரு பட்டையை எடுத்து மெல்லிய பலகைமேல் ஒட்டி, அந்த ஓரத்தை ஒட்டி அதே ரம்பத்தை ஓட்டி அடிப்பலகையின் மிச்சத்தை அறுத்துத் தள்ளிவிடுங்கள். இனி அந்த அடிப்பலகையின் விளிம்புதான் உங்கள் வெட்டுக்கோடு, அதைக் கோட்டில் வைத்தால் போதும், கணக்கே போட வேண்டாம்.

ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடும் கை மிஷின்) வளைவுகளுக்குத்தான். அதன் பிளேடை ஒரு முனையில் மட்டுமே பிடித்திருப்பதால் கனமான பலகையில் அடிப்பக்கம் ஒதுங்கிப் போகும். நம்மூரில் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மிஷின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுவாக்கில் ஓடும், பிளேடு அதைத் தாங்குமா என்று அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

அப்புறம் சிராய். சர்குலர் சாவின் பற்கள் கீழிருந்து மேலே வரும், மேல்முகத்தில் ஒட்டிய மெல்லிய மரத்தோலான வெனீரைப் பெயர்த்துக்கொண்டே வெளியேறும். எனவே நல்ல முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும் (டேபிள் சாவில் இது தலைகீழ்). ஏழேகால் அங்குல பிளேடில் 24 பல் மரச்சட்டத்துக்கு, பிளைவுட்டுக்கு 40 முதல் 60 பல்.

பிளேடு தின்னும் இடத்தையும் மறக்காதீர்கள். ஒரு வெட்டுக்கு 2.5 மி.மீ. போனால், 2440ஐ நாலாகப் பிரிக்கும்போது கிடைப்பது 610 அல்ல, 608தான்.