நான்கு சக்கர இயக்க வண்டி அதிர்கிறதா? முதலில் எண்ணுங்கள்

வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தரைப்பகுதி அதிரத் தொடங்கினால், பலரும் முதலில் சக்கரங்களை பேலன்ஸ் செய்கிறார்கள். அதிர்வு நிற்கவில்லை என்றால் ஷாக் அப்சார்பர், அடுத்து எஞ்சின் மவுண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். இப்படிக் காசைக் கரைப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. எதையும் கழற்றுவதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது?

டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். அச்சின் நடுவில் இருந்து சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் 4 என்றால், கியர்பெட்டிப் பக்கமிருந்து அதற்கு விசையைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 40 முறை சுற்றும். நொடிக்கு 10 என்பது ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் உதறலாகத் தெரியும். 40 என்பது பாதத்துக்குக் கீழே ரீங்காரமாகக் கேட்கும். கைப்பேசிச் செயலியாலும் இதை அளக்கலாம். ஆனால் நொடிக்கு 100 முறை பதிவு செய்யும் கைப்பேசி, 50-க்கு மேற்பட்ட அதிர்வைச் சரியாகக் காட்டாது.

நேரடி கியரில் எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் இரண்டும் குழம்பும். அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். அதிர்வு மாறாமல் நீடித்தால் எஞ்சின் மீது பழியில்லை.

ஷாஃப்ட் 40 முறை சுற்றும்போது அதிர்வு 80 முறை வந்தால், ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். சாய்வாக இயங்கும் இந்த ஜாயிண்ட், உள்ளே வரும் சீரான சுழற்சியை அப்படியே வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தளரும். சாய்வு 3 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.14 சதவீதம்தான்; 10 பாகையில் 1.5 சதவீதமாகிவிடும். அதனால்தான் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் வைக்கிறார்கள். இரண்டின் கோணமும் சமமாக இருந்து, ஷாஃப்ட்டின் இரு கவைகளும் (ஜாயிண்ட்டைப் பிடித்திருக்கும் கவட்டை வடிவ முனைகள்) ஒரே தளத்தில் நின்றால், ஒன்று தந்த தடுமாற்றத்தை மற்றொன்று அழித்துவிடும். ஸ்ப்ரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தும்போது குலைவது இந்தச் சமநிலைதான். ஷாஃப்ட்டைக் கழற்றியவர், அதன் இரு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் நீளும் பகுதியை ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டாலும் இதே கதிதான். புத்தம் புதிய ஜாயிண்ட்கூட அதைக் காப்பாற்றாது. கழற்றும் முன் இரு பாதியிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட்டுக்கொள்வது அவ்வளவு முக்கியம்.

தேய்ந்த ஜாயிண்ட்டைக் கண்ணாலேயே பிடிக்கலாம். பேரிங் மூடியின் விளிம்பில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் துருப்பிடித்துவிட்டன என்று பொருள். வண்டி உருளாதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஜாயிண்ட்டில் துளி ஆட்டம் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

முன் அச்சுக்குப் போகும் முன் ஷாஃப்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரு சக்கர இயக்கத்திலும் முன் சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். முன் சக்கரங்களை அச்சிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டியில், ஹப்பின் பூட்டை விடுவித்து ஓட்டும்போது அதிர்வு மறைந்தால் கோளாறு முன்பக்கம்தான். அத்தகைய ஹப் இல்லாத, தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் பகுதிநேர வண்டியில் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். முழுநேர இயக்க வண்டியில், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் மைய டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் இதைச் செய்தால் எஞ்சினின் விசை முழுவதும் கழற்றிய பக்கமே வீணாகிப் போகும், வண்டி நகராது.