காரின் முகத்தைக் கழற்றினால் எஞ்சின் வேலை ஏன் சுலபமாகிறது?

டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கச் செய்யும் பல் வைத்த பட்டை) மாற்றக் கொடுத்த காரைப் பார்க்க நெல்லை வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்குள் போனால், முதல் பார்வையில் வயிற்றைக் கலக்கும். பம்பர் சுவரில் சாய்ந்து நிற்கும், ஹெட்லைட் இரண்டும் சாக்கின் மேல் கிடக்கும், ரேடியேட்டர் இருந்த இடத்தில் எஞ்சின் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். "பெல்ட் மாத்தத்தான அண்ணாச்சி கொண்டாந்தேன், மூஞ்சியவே கழட்டிப் போட்டுட்டீயளே?" என்று கேட்காத ஆள் குறைவு. வண்டிக்காரருக்கு அது வெட்டிச் செலவாகத் தெரியும். ஆனால் பல வண்டிகளில் அதுதான் குறுக்கு வழி.

இன்றைய கார்கள் பலவற்றில் முன்பக்கம் தனியாகச் சேர்க்கப்படும் ஒரு தொகுப்பு. ரேடியேட்டர், ஃபேன், ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் கண்டன்சர், பானெட் லாக் எல்லாவற்றையும் ஒரு சட்டத்தில் பூட்டி, எஞ்சின் உள்ளே இறங்கிய பிறகு முன்னால் கொண்டுவந்து போல்ட் போடுகிறார்கள். பட்டறையில் நடப்பது தொழிற்சாலை வரிசையைத் தலைகீழாக ஓட்டுவதுதான். எல்லாக் காரும் இப்படியில்லை. ரேடியேட்டர் சட்டம் உடம்போடு வெல்டிங் செய்யப்பட்ட வண்டிகளும் உண்டு. அவற்றில் பம்பரையும் ரேடியேட்டரையும் எடுக்கலாம், சட்டம் அங்கேயே நிற்கும்.

இடம் கிடைத்தால் அப்படி என்ன லாபம்? அறுகோணப் போல்ட் தலையில் ஓப்பன் ஸ்பேனரைக் கழற்றி மறுபடி மாட்ட, ஒவ்வொரு முறையும் 60 டிகிரி சுழற்றியிருக்க வேண்டும். ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி போதும். அந்த அளவுக்குக் கைப்பிடி அசைய இடமில்லாவிட்டால் போல்ட் நகராது. அடுத்தது நெம்பும் விசை. கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் முனைச் சக்கரம்) போல்ட் ஒன்றை இளக்க 150 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் கம்பி போட்டால் சுமார் 30 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் போதும். இடமில்லாமல் 20 செ.மீ. கைப்பிடியோடு மல்லுக்கட்டினால் 75 கிலோவுக்கு மேல் வேண்டும். கை வழுக்கி ரேடியேட்டர் தகட்டில் மோதுவது இப்போதுதான்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் நினைப்பதில்லை: கண். டைமிங் குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று எதிரே நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து சாய்வாக எட்டிப் பார்த்தால் ஒரு பல் தள்ளியிருப்பதும் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் பிசகு என்பது 18 டிகிரி பிசகு. வால்வும் பிஸ்டனும் நெருக்கமாக ஓடும் எஞ்சினில் பல பற்கள் தவறினால் இரண்டும் மோதி, வால்வு வளைந்துவிடும்.

இனி எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் எஞ்சின் வண்டியின் நீளவாக்கில் இருந்தது, சுற்றிலும் கை விட இடமும் இருந்தது. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். 1983-இல் நம்மூருக்கு வந்த மாருதி 800-உம் அதே வழி. ஆட்களுக்கு இடம் கூடியது, பானெட்டுக்கு அடியில் குறைந்தது. குறுக்கு எஞ்சினில் பெல்ட் இருக்கும் முனை முன்சக்கரத்தைப் பார்த்திருக்கும். அதனால் அங்கே சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினை ஜாக்கியில் தாங்கி, அதைப் பிடித்திருக்கும் ஒரு பக்க மவுண்டிங்கை எடுத்துப் பக்கவாட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். பெல்ட்டுக்காக முகத்தைக் கழற்றுவதில் பெரிய பயனில்லை. எஞ்சினுக்கு முன்னால் டர்போவோ ஏ.சி. கம்ப்ரசரோ இருந்தால் அவற்றின் வேலைக்குப் பயன் உண்டு.

நீளவாக்கு எஞ்சினில் பெல்ட் முனை நேராக ரேடியேட்டரைப் பார்க்கிறது. ஆடி ஏ4, பழைய பஸ்ஸாட், முதல் தலைமுறை ஸ்கோடா சூப்பர்ப் எல்லாம் இந்த ரகம். இவற்றில் முகத்தை முழுதாக எடுக்காமலேயே முடிக்க ஒரு வழி உண்டு. அதற்குச் சர்வீஸ் பொசிஷன் என்று பெயர். பம்பரை எடுத்ததும் முன்சட்டத்தின் போல்ட்டுகளில் சிலவற்றை உருவி, அந்தத் துளைகளில் நீளமான திருகு கம்பிகளை மாட்டுகிறார்கள். மீதி போல்ட்டையும் எடுத்துவிட்டால் சட்டம் ரேடியேட்டரோடு சேர்ந்து அந்தக் கம்பிகளின் மேலேயே முன்னால் நகரும், மேசை டிராயரை இழுப்பதுபோல. கிடைப்பது சுமார் 10 செ.மீ. இடம்தான். பெல்ட் வேலைக்கு அது தாராளம். குழாய்களையும் கழற்ற வேண்டியதில்லை.

குழாயைக் கழற்றாமலிருப்பது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஏ.சி. வாயுவைப் பார்க்க வேண்டும். ஆர்134ஏ என்ற அந்த வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். பாளையங்கோட்டை வெயிலில் 38 டிகிரியில் நிற்கும் வண்டியில், எஞ்சின் ஓடாதபோதும் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போல 9 மடங்குக்கு மேல் இருக்கும். ஸ்பேனர் வைத்துத் திறந்தால் திரவம் பீய்ச்சி ஆவியாகும், பட்ட தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றில் விடுவதும் தப்பு. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. வாயுவை இழுத்துச் சேமிக்கும் மெஷின் இல்லாத பட்டறையில் கண்டன்சரை அதன் குழாய்களோடு அப்படியே ஒரு பக்கமாகக் கட்டித் தொங்கவிடுவதே புத்தி. ஒரே நிபந்தனை, அலுமினியக் குழாய் மடங்கக் கூடாது.

கண்டன்சர் ஏன் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது? அதற்குள் ஓடும் வாயுவின் வெப்பம் சுமார் 60 டிகிரி, ரேடியேட்டர் தண்ணீருடையது 90-க்கு மேல். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று கண்டன்சரைக் குளிர்விக்கும் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்காது. அதனால் புதுக்காற்று முதலில் கண்டன்சருக்கு.

இந்த அடுக்கில்தான் நம்மூர்த் தொல்லை ஒன்று இருக்கிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று புழுதியையும் சுமந்து வருகிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும், அறுவடை நேரத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல்லின் பதரும் சேர்ந்து இரண்டு தகடுகளுக்கும் இடையே படிகின்றன. முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் கண்டன்சர் பளிச்சென்று தெரியும், குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். மே மாதத்தில் வண்டி சூடேறுகிறது, ஏ.சி. மந்தம் என்று வருபவர்களில் சிலருக்கு மருந்து இதுதான்: இரண்டையும் பிரித்து, எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுவது. பெல்ட்டுக்காக முகம் எப்படியும் கழன்றிருக்கும்போது இதைச் செய்யாமல் விடுவது வீண்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர வண்டி என்றால் போல்ட்டுகளில் உப்புத் துரு ஏறியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். சட்டத்துக்குள் வெல்டிங் செய்த நட்டோடு போல்ட் முறிந்தால் அரைநாள் வேலை இரண்டு நாளாகும்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பதைச் சிலர் சாங்கியம் என்று நினைக்கிறார்கள். ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி, பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மோதலை உணரும் சென்சார் பல வண்டிகளில் இந்த முன்சட்டத்தில்தான் இருக்கிறது; மின்சாரம் இருக்கும்போது அதில் கை வைத்தால் ஏர்பேக் வெடித்துவிடலாம். தவிர, சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும் வண்டிகள் உண்டு. கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) மூடியைச் சூட்டில் தொடவே கூடாது. வெளியழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணம் மொத்தமும் பொங்கும்.

திரும்பப் பூட்டும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் இடம் மாறுவதால் வருபவை. பானெட் லாக்கின் போல்ட்டைச் சுற்றி முன்கூட்டியே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தால் பழைய இடத்திலேயே உட்காரும். இல்லாவிட்டால் பூட்டியதுபோலத் தெரியும் பானெட், நாற்கர சாலையில் வேகம் எடுக்கும்போது எழும்பிக் கண்ணாடியை மறைக்கலாம். முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் உள்ள புது வண்டிகளில் அதை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்பு விட்டத்தின் போல்ட்டை மட்டும் கை அளவில் முறுக்கக் கூடாது, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும். மோதலின் விசையை உடம்பின் நீளச் சட்டங்களுக்குக் கடத்துவது அந்த விட்டம்தான்.

கடைசியாக ஹெட்லைட். அரை டிகிரி மேலே தூக்கிவிட்டாலும் 50 மீட்டர் தள்ளி ஒளி 40 செ.மீ.க்கு மேல் உயர்ந்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வண்டியைச் சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு சாவியை வாங்கலாம்.