டிவியைப் படம்பிடித்த கேமரா

1950-களின் அமெரிக்க டிவி நாடகம் ஏதாவது பார்க்கக் கிடைத்தால், நடிகர்களைக் கொஞ்சம் மறந்துவிட்டுத் திரையின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். குறுக்கே மெல்லிய பட்டை ஒன்று, கருத்தோ வெளிறியோ தெரியலாம். பிரதி பழசானதால் வந்த கோளாறு இல்லை. பதிவான அன்றே விழுந்த வடு.

1947-ல் என்பிசி சேனலில் தொடங்கிய 'கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்', அடுத்த ஆண்டு சிபிஎஸ் சேனலில் வந்த 'ஸ்டுடியோ ஒன்' எல்லாம் வாரம் ஒரு புதுக் கதை. நியூயார்க்கில் நடிக்க நடிக்க வீடுகளில் ஓடும். வசனம் மறந்தால் மறந்ததுதான், ரீடேக் கிடையாது. ஆனால் நாட்டின் இரு கரைகளையும் சேர்க்கும் டிவி இணைப்பு 1951 செப்டம்பரில்தான் வந்தது. வீடியோ டேப்பும் அப்போது இல்லை. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் எதைப் பார்ப்பது?

கேட்டால் சிரிப்பு வரும்: டிவி திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்துப் படம்பிடித்தார்கள். கினெஸ்கோப் என்று பெயர். ஃபிலிமைக் கழுவி, பிரதி போட்டு, ஊர் ஊராக அனுப்புவார்கள்.

சிக்கல் கணக்கில் இருந்தது. அன்றைய அமெரிக்க டிவி ஒரு படத்தை இரண்டு தவணையாக வரைந்தது. ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படை அப்புறம். ஒரு தவணைக்கு 1/60 வினாடி. சினிமா கேமராவோ வினாடிக்கு 24 படம். எல்லாவற்றையும் 1/120 வினாடித் துண்டுகளாகப் பாருங்கள், புரிந்துவிடும். ஒரு சினிமாப் படத்துக்குக் கிடைப்பது 5 துண்டு. இரண்டு தவணைகளைப் பதிய 4 துண்டு போதும். மீதி ஒரே ஒரு துண்டு. அதற்குள் ஒளியை மறைக்கும் ஷட்டர் மூடி, ஃபிலிம் ஒரு கட்டம் இறங்கி, அசையாமல் நின்றாக வேண்டும். சாதாரண சினிமா கேமரா இந்த வேலைக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வினை: 5 துண்டு கழிந்து ஷட்டர் மறுபடி திறக்கும்போது டிவி ஒரு தவணையைப் பாதி வரைந்திருக்கும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு படத்தில், முதலில் கீழ்ப்பாதியும் கடைசியில் மேல்பாதியும் பதிந்து, இரண்டும் நட்டநடுவில் ஒட்டுகின்றன. ஷட்டர் துளி முந்தினாலும் பிந்தினாலும் ஒட்டு வெளியே தெரியும். நாம் பார்த்த பட்டை அதுதான்.

1951-க்குப் பிறகும் கினெஸ்கோப் ஓயவில்லை. நியூயார்க்கில் இரவு 9 மணி என்றால் மேற்கில் மாலை 6. வந்த நாடகத்தை அங்கே ஃபிலிமில் பிடித்து, அவசரமாகக் கழுவி, மூன்று மணி நேரத்தில் ஒளிபரப்பினார்கள். பிரதி போடக்கூட நேரமில்லாவிட்டால் நெகட்டிவையே ஓட்டிக் கருப்பு வெள்ளையை மின்சுற்றில் புரட்டிவிடலாம்.

1956 நவம்பர் 30 அன்று சிபிஎஸ் இந்த வேலைக்கு ஆம்பெக்ஸ் கம்பெனியின் வீடியோ டேப்பைப் பயன்படுத்தியது. படம் துல்லியம்தான். ஆனால் டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பதியலாம். அப்படியே பலதை அழித்தும்விட்டார்கள். ஃபிலிமை அழித்துப் பதிய வழியில்லை. 1954-ல் 'ஸ்டுடியோ ஒன்'னில் நேரடியாக நடந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' நாடகத்தின் முழு கினெஸ்கோப் 2003-ல் கிடைத்தது.